அரைப்பேர்

சின்தியா என்லோ என்கிற அமெரிக்கப் பேராசிரியை 1989-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். 'வாழைப்பழங்கள், கடற்கரைகள், படைத்தளங்கள்' என்று அதற்குப் பெயர். யாராவது எடுத்துச் சொன்னாலொழிய அது சர்வதேச அரசியலைப் பற்றிய ஆராய்ச்சி நூல் என்று தெரியாது. உல்லாசப் பிரயாணிகளுக்கு எழுதிய வழிகாட்டி என்றே நினைக்கத் தோன்றும். உள்ளே ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டு போகிறார். தேசங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன, சண்டை போடுகின்றன, சமாதானம் செய்துகொள்கின்றன, வியாபாரம் செய்கின்றன. இதிலெல்லாம் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? பதிலைத் தேடி ஸ்தானிகர் வீட்டு விருந்துக் கூடத்துக்கும், படைத்தளத்தின் வேலிக்கு வெளியே இருக்கிற தெருவுக்கும், வாழைத் தோட்டத்துக்கும், பிறர் வீட்டில் வேலை செய்யக் கடல் தாண்டிப் போன பெண்களிடமும் போகிறார். ஸ்தானிகரின் மனைவி சம்பளம் இல்லாமல் காலமெல்லாம் விருந்து வைக்கிறாளே, அந்த விருந்துகள் நின்றுபோனால் ராஜதந்திரம் என்ன ஆகும் என்று கேட்கிறார். எழுதுகிறவர் மனிதர்களைப் பார்த்திருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நாவலாசிரியன் பொறாமைப்படக்கூடிய ஆராய்ச்சி நூல்கள் சிலவே உண்டு. இது அவற்றில் ஒன்று.

இந்த நூலையும், இதற்குப் பின்னால் முப்பத்தைந்து வருஷங்களாக இதே துறையில் வந்து குவிந்திருக்கிற நூல்களிலும் வியாசங்களிலும் ஒரு கட்டையும் எடுத்துக்கொண்டு, ஐப்பசி மாதம் இரண்டு வாரம் நீலகிரியில் இத்தலாரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். இத்தலார் படகர்களின் ஊர். ஊட்டிக்கு அப்பால் எமரால்டு பக்கம் இருக்கிறது. சரிவெல்லாம் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும். அவற்றை ஒட்டித் தேயிலை. மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக முடியாது, படிக்கத்தான் முடியும். படித்தேன். மழை விட்ட நேரத்தில் எழுந்து வெளியே போனதும் நல்லதாகப் போயிற்று. புஸ்தகங்களில் இல்லாத ஒரு விஷயம் பஸ் நிற்கிற இடத்திலே உட்கார்ந்திருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

'பெண்ணிய அயல்நாட்டுக் கொள்கை' என்ற பெயரை ஒரு சர்க்கார் முதன்முதலாகத் தன் வாசலில் எழுதி மாட்டியது ஸ்வீடனில், 2014-ல். அயல்நாட்டு மந்திரியாக வந்த மார்கோட் வால்ஸ்ட்ரோம் அம்மையார் அதை அறிவித்தார். கனடா 2017-ல் தன் வெளிநாட்டு உதவிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பிரான்ஸ் 2019-லும், மெக்ஸிகோ 2020-லும் சேர்ந்துகொண்டன. ஜெர்மனி 2023-ல் வழிகாட்டும் விதிகளை வெளியிட்டது. அதற்குள் ஸ்வீடனிலேயே சர்க்கார் மாறி, 2022 அக்டோபரில் அந்தப் பெயரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். எட்டு வருஷம். நம் ஊர்ச் சங்கங்களில் சில இதைவிட அதிக காலம் இருந்திருக்கின்றன.

ஸ்வீடன்காரர்கள் தங்கள் கொள்கைக்கு மூன்று தூண் வைத்தார்கள்: உரிமை, பிரதிநிதித்துவம், வளம். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கின்றன. ஒரே எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகவே கொள்கைகளை வகுக்கிறார்களோ என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருவதுண்டு. ஆனாலும் அம்மையார் பேரில் குறை சொல்ல மாட்டேன். சவூதி அரேபியாவின் நடத்தையைப் பகிரங்கமாகக் கண்டித்து, அதனால் மூண்ட தகராறில் 2015-ல் அந்த நாட்டோடு இருந்த ஆயுத ஒத்துழைப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலே போயிற்று. வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். கொள்கை என்று ஒன்று இருந்ததற்கு அதுவே சாட்சி.

என் குறை ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றியது. என்லோ திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே வந்தவர்களில் பலர் நேரே மேஜைக்குப் போய், அதைச் சுற்றியுள்ள நாற்காலிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணுவது தப்பில்லை. ஆன் டவுன்ஸ், பிர்கிட்டா நிக்லாஸன் என்ற இரண்டு ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள், பொருளாதாரத்தில் பெரிய 50 நாடுகள் 2014-ல் வெளியே அனுப்பியிருந்த ஏறக்குறைய 7,000 ஸ்தானிகர்களையும் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். மீதிப் பெண்களும் பெரிய தலைநகரங்களுக்கு அதிகமாக அனுப்பப்படவில்லை. பெருமை குறைந்த ஊர்களே அவர்களுக்குக் கிடைத்தன. இது பிரயோஜனமான வேலை, பொறுமையான வேலையும்கூட. ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த வியாசத்தை எடுத்தால் அதிலும் எண்ணிக்கை. அதற்கடுத்ததிலும் எண்ணிக்கை. கடைசியில் வாசகனுக்கு, 85 என்பது 50 ஆகிவிட்டால் விஷயம் முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றும்படி எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஸ்வீடன் வரைக்கும் போகவேண்டியதில்லை. உலகத்தில் வேறு எந்த மூலையிலும் நடக்காத ஒரு பரீட்சை நம் வாசலிலே நடந்திருக்கிறது. நான் படித்த கட்டில் ஓர் ஆசிரியர்கூட அதைத் தொடவில்லை.

முதலில் நம்மவர்களைப் பற்றி. பெண் ஸ்தானிகர் விஷயத்தில் இந்தியா பின்தங்கிய தேசம் இல்லை. விஜயலக்ஷ்மி பண்டிட் 1947-ல் மாஸ்கோவுக்கும், 1949-ல் வாஷிங்டனுக்கும் ஸ்தானிகராகப் போனார். 1953-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபைக்குத் தலைமை வகித்தார்; அந்த ஸ்தானத்தில் அமர்ந்த முதல் பெண் அவர். அதே 1949-ல் குடகுநாட்டு விராஜ்பேட்டையில் பிறந்து சென்னையில் படித்த ஒரு பெண், பரீட்சை எழுதித் தேறி, இந்திய அயல்நாட்டு சர்வீஸில் சேர்ந்தார். சி.பி. முத்தம்மா. பரீட்சை எழுதி அந்த சர்வீஸில் நுழைந்த முதல் பெண். இந்த உத்தியோகம் பெண்களுக்கு ஏற்றதில்லை என்று தேர்வுக் குழுவிலே தடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தபோது, விவாகம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரதம மந்திரியின் சகோதரிக்கு விவாகம் ஒரு தடையாக இருக்கவில்லை. மூன்று பெண்களைப் பெற்றவர் அவர். பரீட்சை எழுதி வந்தவளுக்கு மட்டும் தடை. குடும்பத்தின் வழியாக வந்தால் குடும்பம் ஆட்சேபணை இல்லை. படிப்பின் வழியாக வந்தால் குடும்பம் ஆட்சேபணை. 1961-ல் இதை விதியாகவே அச்சிட்டார்கள். அயல்நாட்டு சர்வீஸில் இருக்கும் பெண் விவாகத்துக்கு முன் சர்க்காரிடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்கவேண்டும். விவாகத்துக்குப் பிறகு வீட்டுப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று சர்க்காருக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். விவாகமான பெண்ணுக்கு இந்த சர்வீஸில் நியமனம் கேட்க உரிமை கிடையாது என்று இன்னொரு விதி. அப்போது பிரதமர் நேரு. அயல்நாட்டு இலாகாவும் அவரிடமே இருந்தது. அதே இலாகாவில் உபமந்திரியாக இருந்தவர் லக்ஷ்மி மேனன் அம்மாள். ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனத்தில் பெண்கள் அந்தஸ்தைக் கவனிக்கிற பிரிவுக்குத் தலைமை வகித்துவிட்டு வந்தவர் அவர். நாற்காலி எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

முத்தம்மா கடைசி வரை விவாகம் செய்துகொள்ளவில்லை. 1970-ல் ஹங்கேரிக்கு ஸ்தானிகரானார். சர்வீஸிலிருந்து வந்த பெண்களில் அந்தப் பதவியை அடைந்த முதல்வர். மேல் பதவிக்கு உயர்த்தாமல் தள்ளியபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் பதவி உயர்வு அவசரமாக வந்து சேர்ந்தது. அதனால் வழக்கு தள்ளுபடி. ஆனால் 1979 செப்டம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு தள்ளுபடியாகவில்லை. வீட்டுப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணின் வேலைக்கு ஏன் இடைஞ்சல் ஆகாது என்று அதில் கேட்டார். அந்த விதிகளில் ஒன்றை நீக்கியாயிற்று, மற்றதையும் நீக்கப்போகிறோம் என்று சர்க்கார் சொல்லவேண்டி வந்தது. முத்தம்மா பிற்காலத்தில் குடகுச் சமையலைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதுவதில் பங்கு கொண்டார். தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் யாரும் அந்தச் சமையல் புஸ்தகத்தைச் சொல்வதில்லை. என்லோவாக இருந்தால் அதிலிருந்தே ஆரம்பித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நிலைமை மாறிற்று. 2001-ல் சொகிலா அய்யர் அயல்நாட்டுச் செயலாளரானார். 2009-ல் அந்த இடத்துக்கு வந்த நிருபமா ராவ், பட்டாளத்துத் தகப்பனாருடன் ஊர் ஊராகப் போனபோது சிறிது காலம் நம் குன்னூரிலும் படித்தவர். இடையில் இலங்கையில் இந்தியாவின் ஹைகமிஷனராகவும் இருந்தார். நல்ல மாறுதல்தான்.

பரீட்சை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். எழுபத்தைந்து வயது இருக்கும். எமரால்டுக்குப் போகவேண்டியவள். மருமகள் இத்தலாரில் ஒரு படகர் தோட்டத்தில் கூலிக்குக் கொழுந்து எடுக்கிறாள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்திருக்கிறாள். பேச்சைக் கேட்டதுமே இலங்கை மலைநாட்டுப் பேச்சு என்று தெரிந்துவிட்டது. பவுனை றாத்தல் என்றாள். தோட்ட வீட்டை லயம் என்றாள். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, 1973-ல் புருஷனோடும் இரண்டு குழந்தைகளோடும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, அங்கிருந்து மலைக்கு வந்தவள். அவளிடம் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது.

"ஒரு நாளைக்கு இத்தனை றாத்தல்னு கணக்குங்க ஐயா. அது குறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க. ஆம்பளைங்க மட்டம் வெட்டுவாங்க, கான் வெட்டுவாங்க, மதியத்துக்கே முழுப்பேர் போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க."

பேர் என்றால் தோட்டத்துப் பாஷையில் ஒரு நாள் வேலைக் கணக்கு. செக்ரோலில் பெயர் விழுந்தால் ஒரு நாள் கூலி, அதுதான் பேர். கொழுந்து குறைந்தால் பாதிக் கூலி, அது அரைப்பேர். முழுப்பேர் விழுந்தாலும் ஆண் கூலியைவிடப் பெண் கூலி குறைவு. இலங்கைத் தோட்டங்களில் இரண்டும் சமமானது 1984-ல். அதற்குள் அவள் இந்தப் பக்கம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போது ராஜதந்திரிகள் பாஷையில் பேர் என்ன என்று பார்ப்போம். 1964 அக்டோபர் 30-ல் புதுடில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது. அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. பிற்பாடு மனுச் செய்யச் சொன்னபோது, இலங்கையிலேயே இருந்துவிடுகிறோம் என்றவர்கள் ஒதுக்கிய 3,00,000-ஐப் போல் இரண்டு பங்குக்கு மேல். இந்தியாவுக்குக் கேட்டவர்கள் 5,25,000-ஐ எட்டவே இல்லை.

சிறிமாவோ அம்மையார் 1960 ஜூலையில் பதவிக்கு வந்தவர். உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். அயல்நாட்டு இலாகாவும் அவர் கையிலேயே இருந்தது. டில்லியிலோ, லக்ஷ்மி மேனன் அம்மாள் அப்போது அயல்நாட்டு இலாகாவின் ராஜாங்க மந்திரி. அத்தோடும் நிற்கவில்லை. அந்த மீதி 1,50,000 பேரைப் பாதிப் பாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டது 1974 ஜனவரியில். அப்போது இந்தப் பக்கம் இந்திரா காந்தி, அந்தப் பக்கம் சிறிமாவோ. இரண்டு தேசங்களின் தலைவர்களும் பெண்கள். அன்று மேஜையில் பிரித்த ஜனங்களில் பாதிப்பேர் பெண்கள். தேயிலைக் கொழுந்து எடுத்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கிற பரீட்சை இதைவிடச் சுத்தமாக எங்கே கிடைக்கும்?

முடிவு என்ன என்பதைச் சட்டப் புஸ்தகத்தில் பார்க்கவேண்டும். இந்த ஜனங்களை நாடில்லாதவர்களாக்கியது இலங்கையின் 1948-ம் வருஷப் பிரஜாவுரிமைச் சட்டம். அதன்படி ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், சட்டத்துக்கு முன் பிறந்தவருக்குத் தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது தகப்பனாரைப் பெற்ற பாட்டனாரும் அவருடைய தகப்பனாரும் பிறந்திருக்கவேண்டும். சட்டத்துக்குப் பின் பிறந்தவருக்குத் தகப்பனார் பிரஜையாக இருக்கவேண்டும். தகப்பன், பாட்டன், முப்பாட்டன். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை.

கிழவியின் தகப்பனார் திருச்சி ஜில்லாவில் பிறந்து, பையனாகக் கப்பலேறிப் போனவர். "எங்கம்மா அங்கதான் பொறந்தா. எங்கம்மாவைப் பெத்தவளும் அங்கதான் பொறந்தா. அந்தக் கெழவி கட்டையும் அங்கதான் கெடக்கு" என்றாள். மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே மலையில் பிறந்திருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது ஒரு தலைமுறைகூட இல்லை.

இந்தியாவின் கணக்கைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 8-வது விதி, வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினரை நம் ஸ்தானிகர் அலுவலகங்களில் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ள வழி செய்கிறது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் எவரோ இந்தியாவில் பிறந்திருந்தால் போதும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பாட்டி என்றால் எந்தப் பக்கத்துப் பாட்டியானாலும் சரி. அந்த அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹன்ஸா மேத்தா, 1948-ல் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த இடத்தை 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்ற வைத்தவர். இவ்வளவும் ஆன பிறகு, 1955-ல் வந்த இந்தியப் பிரஜாவுரிமைச் சட்டம் மறுபடி தகப்பனிடம் போய் நின்றுகொண்டது. வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளியாகப் பிரஜையாவது தகப்பன் வழியில் மட்டும். தாய் வழியையும் சேர்த்தது 1992-ல். இலங்கையில் அது 2003 வரை காத்திருந்தது.

ஆகவே 1974-ல் இரண்டு பெண் பிரதமர்கள் ஜனங்களைப் பிரித்துக்கொண்டபோது, கடல் கடந்து பிறந்த குழந்தைக்கு ஒரு தாய் தன் பிரஜாவுரிமையை வம்சாவளியாகக் கொடுக்க இரண்டு தேசத்துச் சட்டத்திலும் இடமில்லை. இந்திரா காந்திக்கே அந்த உரிமை கிடையாது, சிறிமாவோவுக்கும் கிடையாது. இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவர் தகப்பனாரின் பெயராலும் இன்னொருவர் புருஷனின் பெயராலும் அரசியலுக்கு வந்தவர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்பதை யாராவது ஆராய்ச்சி மாணவர் எழுதலாம். எனக்கு உண்டு என்றே தோன்றுகிறது. ஆனால் அதை ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிட முடியாது. அவர்கள் இடத்தில் இரண்டு ஆண்கள் இருந்திருந்தால் ஒப்பந்தம் இதைவிட நல்லதாக இருந்திருக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. சாஸ்திரி ஆண்தானே.

"நாட்டுக்கு வர மனுப் போட்டது யார்?" என்று கிழவியைக் கேட்டேன்.

"அவருதாங்க. கண்டிக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு, ராத்திரி வந்து சொன்னாரு."

"உங்களைக் கேட்கவில்லையா?"

"என்னைய எதுக்குங்க கேக்கணும்?" என்று சிரித்தாள். கசப்பில்லாத சிரிப்பு. அதற்குள் எமரால்டு பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, "அங்க இருந்திருந்தா தங்கச்சியப் பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன்" என்றாள். தங்கையின் புருஷன் இலங்கைக்கு மனுப் போட்டவன்.

அக்காள் இந்தியா, தங்கை இலங்கை. 5,25,000-லும் 3,00,000-லும் இப்படி எத்தனை அக்காள் தங்கைகள் என்று எண்ணிய ஆராய்ச்சியாளர் ஒருவரையும் என் கட்டில் காணோம். எண்ணத்தான் வேண்டும் என்றால் எண்ணுவதற்கு இது இருக்கிறது.

இந்தப் பெண்களைத் தமிழ் இலக்கியம் கவனிக்காமல் இல்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார். அந்தக் கதையில் கோபம் அதிகம். கோபத்தில் தோட்டம் சில இடங்களில் மங்கலாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இலங்கை மலைநாட்டில் கோ. நடேசய்யரோடு தொழிற்சங்க வேலை செய்த அவர் மனைவி மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பாட்டுகள் எழுதி மேடையிலே பாடினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவல் 1964-ல் வெளிவந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருஷம். அந்த அம்மாள் மலைநாட்டில் வாழ்ந்து தோட்டத்துப் பெண்களுக்கிடையே வேலை செய்தவர். அவர் நடை சில இடங்களில் தட்டையாக இருக்கும். சம்பவங்களைச் சேர்க்கிற அவசரம் தெரியும். இருந்தாலும் லயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்த எழுத்து அது. ஒப்பந்தம் பேசிய உத்தியோகஸ்தர்கள் மேஜையில் அந்த நாவல் ஒரு பிரதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. உத்தியோகஸ்தர்கள் நாவல் படிக்கிறவர்கள் அல்ல. ஆனால் பெண்ணியமும் ராஜதந்திரமும் என்று வியாசம் எழுதுகிறவர்கள் படிக்கலாம். படித்தால், 'பிரதிநிதித்துவம்' என்ற தூணுக்குக் கீழே மண் எப்படி இருக்கிறது என்று தெரியும். என்லோ வாழைத் தோட்டத்திலிருந்து உலக அரசியலைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து பார்க்கிற ஒரு புஸ்தகத்தைத் தமிழ் தெரிந்த ஒருவர் எழுதவேண்டும். அதற்கு வேண்டிய சாட்சிகள் நீலகிரியில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வெகுகாலம் இருக்கமாட்டார்கள். ஒப்பந்தங்களின்படி வந்து சேர்ந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் கணிசமானவர்களுக்காகத்தான் தமிழ்நாடு சர்க்கார் 1968-ல் இந்த மலைகளில் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுவே 1976-ல் டான்டீ என்ற கார்ப்பரேஷன் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று போய்த் திண்ணையில் உட்கார்ந்தால் போதும்.

கனடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்ணிய உதவிக் கொள்கை அறிவித்த அந்தத் தேசம் இத்தலார்க்காரர்களுக்கு அந்நியம் இல்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவர்கள் கொடுத்த உதவியோடுதான் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. எமரால்டு அணையும் அவலாஞ்சி அணையும் அதைச் சேர்ந்தவை. வெளிநாட்டுக் கொள்கை என்பது டில்லியில் இருக்கிற சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் இங்கே வந்து தண்ணீரைப் பார்க்கலாம்.

தண்ணீரோடு தேயிலை விலையையும் பார்க்கலாம். 1998 டிசம்பர் 28-ல் புதுடில்லியில் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000-ல் அது அமலுக்கு வந்தது. இலங்கைத் தேயிலை வருஷத்துக்கு 1.5 கோடி கிலோ வரை குறைந்த தீர்வையில் வரலாம் என்பது அதில் ஒரு ஷரத்து. நீலகிரியில் பச்சை இலை விலை சரிந்து சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஒப்பந்தத்தால்தான் சரிந்தது என்று விவசாயிகள் சொன்னார்கள். ஒதுக்கிய அளவு முழுவதும் வரவே இல்லை, சோவியத் யூனியன் உடைந்து நம் தேயிலைக்கு இருந்த பெரிய சந்தை போனதே காரணம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். இரண்டும் வெளிநாட்டு விவகாரம்தான். சந்திரிகா அம்மையார் சிறிமாவோவின் மகள். கையெழுத்திட்டபோது இலங்கையின் ஜனாதிபதி அவர், பிரதமர் அவர் தாயார். நாற்காலிக் கணக்குக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தலாரில் என் நண்பர் அந்த வருஷங்களை நினைவு வைத்திருக்கிறார். படகர்கள் ஹெத்தை என்று ஒரு மூதாட்டியைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். காட்டு வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் தோளில். ஆனால் பட்டாவில் இருப்பது பெரும்பாலும் ஆண் பெயர். பச்சை இலைக்கு விலை இல்லாதபோது ஃபாக்டரிக்கு அனுப்புகிற கூலிக்கே கட்டவில்லை என்றார். உரத்தை நிறுத்த முடியவில்லை; நிறுத்தினால் செடி போய்விடும். ஆகவே முதலில் நிறுத்தியது கொழுந்து எடுக்க வந்த பெண்களை. பத்து நாளைக்கு ஒரு தரம் எடுத்த இடத்தில் இருபது நாளைக்கு ஒரு தரம் எடுத்தார்கள். வீட்டுப் பெண்களே கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் பூண்டுக் காட்டுக்கும் உருளைக்கிழங்குக் காட்டுக்கும் வேலை தேடிப் போனார்கள். அவர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் உண்டா என்று கேட்டேன். "அவங்கதானே நல்லா எடுப்பாங்க" என்றார்.